கொழுப்பை அளக்கும் ஒளி யாருக்காக?

வாடகை, அரிசி, ரயில் பாஸ், பள்ளிக் கட்டணம் என்று மாதக் கணக்கு எழுதும்போது பாலும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரிசியில் கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரியும். பாலில் என்ன இருக்கிறது, என்ன எடுக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும்படி நம் மான்குர்த் குடும்பங்கள் விடப்பட்டிருக்கின்றன.

தெரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும் கருவி உலகில் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அந்தக் காணா ஒளியே அகச்சிவப்புக் கதிர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளத்தில் இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். பாலில் கொழுப்பு ஏறக்குறைய 5.7 மைக்ரானிலும் 3.5 மைக்ரானிலும் உறிஞ்சும், புரதம் 6.5 மைக்ரான் அளவில்; பால் சர்க்கரை 9.6 மைக்ரான் அளவில். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் குறைந்தது என்று பார்த்தால், எது எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடலாம். 1964இல் இங்கிலாந்தில் கோல்டன் என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பாலுக்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்று பெரிய பால்பண்ணைகளின் ஆய்வுக்கூடங்களில் இது அன்றாட வேலை.

இதற்கு முன்பு இருந்ததும் இன்றும் பல இடங்களில் இருப்பதும் கெர்பர் முறை. 10 மில்லி கந்தக அமிலத்தோடு 10.75 மில்லி பாலையும் 1 மில்லி அமைல் ஆல்கஹாலையும் கண்ணாடிக் குழாயில் சேர்த்துச் சுழற்றினால் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். நல்ல முறைதான், ஆனால் அமிலம் கையைப் பொசுக்கும், நேரமும் பிடிக்கும், கொழுப்பின் அளவைத் தவிர வேறொன்றும் சொல்லாது. அகச்சிவப்புக் கருவியோ அளவோடு நில்லாமல் கொழுப்பின் தன்மையையும் மதிப்பிட உதவுகிறது. பால் கொழுப்பு பல கொழுப்பு அமிலங்களின் கூட்டு. மாடு பசும்புல் தின்றதா, வைக்கோல் தின்றதா, பிண்ணாக்கு தின்றதா என்பதற்கேற்ப அந்தக் கூட்டு மாறும். பால் கொழுப்பில் உள்ள பியூட்ரிக் அமிலம் நாம் சமையலுக்கு வாங்கும் தாவர எண்ணெய்களில் கிடையாது. கொழுப்பை எடுத்துவிட்டு எண்ணெயைக் கலந்து அளவைச் சரிக்கட்டும் மோசடியைச் சந்தேகிக்க இந்த வேறுபாடு ஒரு தடயம். பெல்ஜியத்தில் 2006 முதல் வெளிவந்த ஆய்வுகள், ஒரு பசுவின் பாலிலுள்ள முக்கியமான கொழுப்பு அமிலங்களை இந்த ஒளியாலேயே மதிப்பிடலாம் என்று காட்டின.

விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்திருக்க, நம் தாய்மார்களிடம் என்ன இருக்கிறது? பாலாடை தடித்ததா என்று பார்ப்பது ஒன்று. ஆனால் கொழுப்புத் துளிகளை எந்திரத்தில் நுணுக்கிக் கலந்த பாக்கெட் பாலில், கொழுப்பு முழுமையாக இருந்தாலும் ஆடை தடிக்காது. இன்னொன்று பால்மானி. அது அடர்த்தியை மட்டும் அளக்கும். தண்ணீர் விட்டால் அடர்த்தி குறையும். கொழுப்பை எடுத்தால் அடர்த்தி கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவன் பால்மானியை எளிதில் ஏமாற்றிவிடுவான்.

பாலில் விஷம், பாலில் சோப்பு என்று அடிக்கடி வதந்தி கிளம்புகிறது. கணக்கைப் பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள் போன்ற கலப்படம் கண்டது 12 மாதிரிகளில்தான். ஆனால் ஏறக்குறைய 41 சதவீதம் மாதிரிகள் கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் போன்ற தர அளவுகளில் ஏதோ ஒன்றில் தவறியிருந்தன. இதன் பொருள் என்ன? நஞ்சுக்குப் பயந்து நாம் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, சத்துத் திருட்டு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது!

சமன்படுத்திய பால் என்று விற்கப்படும் பாலில் 3 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் மற்றத் திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அரை லிட்டர் பாக்கெட்டில் 100 மில்லியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு 2.4 ஆகவும் மற்றது 6.8 ஆகவும் இறங்கிவிடும். இது கற்பனைக் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பாக்கெட்டுகளைப் பிளேடால் கீறித் தண்ணீர் கலந்து மறுபடி ஒட்டும் அறைகளை மும்பைக் காவல்துறையும் மாநில உணவு, மருந்து நிர்வாகமும் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு போனால் பெரியவர்களுக்குத் தேநீர் நீர்த்துப் போகும். குழந்தைக்கோ வளர்ச்சி போகும். 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, மாநகர வார்டுகள் அனைத்திலும் கடைசி இடத்தை நம் எம்-கிழக்கு வார்டுக்குத்தான் கொடுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு டம்ளர் பாலின் சத்து அரசியல் கேள்வியே.

இந்த நகரத்துக்கும் பால் கொழுப்புக்கும் பழைய உறவு உண்டு. எருமைப் பாலோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியும் தண்ணீரும் சேர்த்து, கொழுப்பைக் குறைத்து, அதிகம் பேருக்குக் குறைந்த விலையில் கொடுக்கும் ‘டோன்டு’ பால் 1940களில் பம்பாயில்தான் பிறந்தது. ஆரே பால் காலனியை உருவாக்கிய தாரா குரோடி அதற்கு வழிகண்டவர். 1963இல் மகசேசே விருது பெற்ற மூவரில் ஒருவர். அந்நாளில் கேடா மாவட்டத்துப் பால் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்தது. தங்களுக்குரிய விலை கிடைக்கவில்லை என்று அங்குள்ள விவசாயிகள் 1946இல் பாலைக் கொடுக்க மறுத்தார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்ததே ஆனந்த் கூட்டுறவு. பாலை அளந்து வாங்கும் உரிமைக்காக உற்பத்தி செய்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். குடிக்கிறவர்களுக்கு அப்படியொரு சங்கம் இன்றுவரை இல்லை.

உற்பத்தி செய்கிறவருக்கும் முழு நீதி கிடைத்துவிடவில்லை. ஊரில் மாடு வைத்திருக்கும் நம் அண்ணன் தம்பிகளைக் கேளுங்கள். கொழுப்பில் ஒரு புள்ளி குறைந்தால் லிட்டருக்கு விலை குறைகிறது. பல கொள்முதல் நிலையங்களில் இருப்பது அகச்சிவப்புக் கருவிகூட அல்ல, மலிவான மீயொலிக் கருவி. எந்தக் கருவியானாலும் அது தானாக உண்மை பேசாது. ஏற்கெனவே அளவு தெரிந்த பாலோடு ஒப்பிட்டு அதைத் திருத்தி வைக்க வேண்டும். ஐரோப்பியப் பசுவின் பாலுக்குத் திருத்தியதை நம் எருமைப் பாலுக்கு அப்படியே வைத்தால் தராசில் பொய்க்கல் வைத்ததற்குச் சமம். ஆகவே திருத்துகிறவர் யார், எப்போது திருத்தினார், யார் சாட்சி என்பவை விவசாயிக்கும் தெரிய வேண்டும், நமக்கும் தெரிய வேண்டும்.

இன்றைய நிலை என்ன? பால் பண்ணையின் வாசலுக்கு வரும்போது பால் அளக்கப்படுகிறது. ஏனென்றால் அங்கே பணம் கொடுப்பது நிறுவனம். நம் சாலின் வாசலுக்கு வரும்போது அளக்கப்படுவதில்லை. ஏனென்றால் இங்கே பணம் கொடுப்பது நாம். இதைவிடத் தெளிவாக வர்க்க நியாயத்தை எந்தப் புத்தகமும் விளக்க வேண்டியதில்லை.

கருவி லட்சக்கணக்கில் விலை பெறும், ஏழைகள் வட்டாரத்தில் எப்படி வைப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். வீட்டுக்கு வீடு வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நடமாடும் ஆய்வு வண்டிகள் மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பாலைச் சோதிக்கும் கருவியும் அவற்றில் உண்டு. அந்த வண்டி கண்காட்சிக்கும் விழாவுக்கும் போவதைவிட, மான்குர்த் நிலையத்தருகிலும் லல்லுபாய் காம்பவுண்டிலும் கோவண்டியிலும் முன்கூட்டி அறிவித்த நாளில் வந்து நிற்கட்டும். முடிவை மராத்தி, இந்தி, உருது, தமிழ் நான்கிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். கருவி சந்தேகப்பட்ட பாலை முறைப்படி மாதிரியெடுத்து உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பட்டும். வண்டி சல்லடை, வழக்குக்கு நிற்பது பகுப்பாய்வாளரின் அறிக்கை.

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, எந்த நுகர்வோரும் தாம் வாங்கிய உணவைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு அந்தக் கட்டணமும் அலைச்சலும் பாரம். இருபது குடும்பம் சேர்ந்து பங்கிட்டால் பாரம் குறையும். ஒருவர் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். இருபது பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பொதுப் பால்துறை நம் கண்முன்னே சுருங்கி வருகிறது. குர்லா மதர் டெய்ரி நிலத்தில் 8.5 ஹெக்டேரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க மாநில அரசு 2024இல் முடிவெடுத்தது. பக்கத்து நேரு நகர் மக்கள் எதிர்த்தார்கள். தாராவித் தமிழருக்கு வீடு வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் பால்பண்ணை போன இடத்தில் பாலைக் கண்காணிக்கும் பொறுப்பும் சேர்ந்து போய்விட்டால், தனியார் அளந்ததே அளவு, சொன்னதே தரம் என்றாகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் இரண்டு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, நடமாடும் வண்டி கேட்டு வார்டு அலுவலகத்துக்கும் உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் கையெழுத்து மனு. மற்றொன்று, இருபது இருபது குடும்பமாகப் பால் குழு. அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும், பாலைக் காய்ச்சுகிறவர்கள் அவர்களே. நம் தராசு நம் கையில் இல்லாதவரை, நமக்கு விற்கிறவன் நிறுத்ததே நிறை. அந்தத் தராசைக் கேட்டுப் பெறுவோம்.