புது ஸ்பீக்கர் 'ஓட ஓட' சரியாகுமா?

1/ புது ஸ்பீக்கர் வாங்கினா கடையில சொல்வாங்க: "100 மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம் பாருங்க சவுண்டை!" உண்மையா?

2/ கொஞ்சம் உண்மை. கூம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் முதல் சில மணி நேரத்தில் லேசாகத் தளரும். காதுக்குத் தெரியும் அளவு மாற்றம் பெரும்பாலும் இருக்காது. வயருக்கு அதுவும் கிடையாது.

3/ உண்மையில் பழகுவது உங்கள் மூளை. தினமும் கேட்கும் ஒலியையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அதனால பிடிக்கலைன்னா, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துடுங்க.

4/ ஆனா அப்பாவுக்கு வாங்கிய காது மிஷின் விஷயம் தலைகீழ். முதல் வாரம் தட்டுச் சத்தமே இரைச்சலாகத் தெரியும். "சரியில்லை"ன்னு டிராயரில் போட்டுடுவார். மூளை பழகச் சில வாரம் ஆகும். தினமும் போடச் சொல்லுங்க. ரொம்ப உறுத்தினால் ஆடியாலஜிஸ்டிடம் காட்டி அளவைச் சரிசெய்யுங்க. கழற்றி வைக்க மட்டும் விடாதீங்க.