டயாலிசிஸ் நோயாளியின் களைப்பு: சோம்பலா, சர்க்காரின் கஞ்சத்தனமா?

டயாலிசிஸ் செய்துகொண்ட தொழிலாளி மறுநாள் வேலைக்கு வர முடியாவிட்டால் "சோம்பேறி" என்கிறார் முதலாளி. "இலவசமாகத்தானே செய்கிறோம், இன்னும் என்ன குறை?" என்ற தோரணையில் விளம்பரம் செய்கிறது சர்க்கார். இரண்டு பேச்சுக்கும் நோக்கம் ஒன்றே: பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டுவது!

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

சிறுநீரகம் கழிவை அகற்றுவதோடு எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் உற்பத்தியாக அது அவசியம். சிறுநீரகம் பழுதானால் அது குறைகிறது, ரத்தசோகை வருகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இயந்திரம் அழுக்கை எடுக்கும், ஹார்மோனைத் தராது. அதற்கு ஊசி வேண்டும், இரும்புச்சத்தும் வேண்டும். ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் கூலிக்காரன் எங்கே போவான்?

அடுத்தது, எத்தனை தடவை என்ற கேள்வி. வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் என்பதே உலக வழக்கு. நம் நாட்டிலோ ஏராளமான ஏழைகளுக்கு 2 தடவைதான். நடுவில் மூன்று நாலு நாள் உடம்பில் சேர்ந்த நீரை ஒரே மூச்சில் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர்! அதைத் தாண்டினால் ரத்த அழுத்தம் விழுகிறது, இருதயத் தசை தவிக்கிறது, ஆள் சுருண்டு விழுகிறார்.

"தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதுதானே?" என்று உபதேசிப்போர் உண்டு. கட்டுப்பாடு தேவைதான். ஆனால், சித்திரை வெயிலில் மண் சுமப்பவனுக்குத் தாகம் எடுக்காதா? மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து செய்யும் உபதேசம் இது!

இன்னும் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் அதிகம் வேண்டும். சிகிச்சையின்போதே அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுகின்றன. ரேஷன் அரிசியைத் தின்று அதை ஈடுகட்ட முடியுமா? இரவில் கால் குடைச்சலும் அரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். துணைக்கு வருபவர் கூலியும் போச்சு. கடன் கவலை மனதை அரிக்கிறது. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் களைப்பு!

2016-ல் மத்திய சர்க்கார் அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டம் தனியார் கூட்டு முறையில் வந்தது. இயந்திரமும் ஆட்களும் தனியாருடையவை. இடம், மின்சாரம், தண்ணீர், மருந்து சர்க்காருடையவை. தனியாருக்குத் தடவைக்கு இவ்வளவு என்று பணம். ஆகவே தடவைகள் எண்ணப்படுகின்றன. நோயாளி எழுந்து நடந்தாரா என்று எண்ணுவாரில்லை. பல நாட்டு நோயாளிகளும் மருத்துவர்களும் கூடி, டயாலிசிஸ் ஆராய்ச்சிகள் கட்டாயம் அளக்க வேண்டியவை என்று நான்கைக் குறித்தார்கள்: மரணம், இருதய நோய், ரத்தக்குழாய் வழி, களைப்பு. மரணத்தோடு ஒரே வரிசையில் வைத்த களைப்பை நம் சர்க்கார் கணக்கில் காணோம்!

ஓயாது உழைக்கும் நர்சுகள் மீதும் டெக்னீஷியன்கள் மீதும் நமக்குக் குறையில்லை. அவர்களுக்கும் வேலை நிரந்தரமும் நியாயச் சம்பளமும் வேண்டும்.

பணமில்லை என்பார்கள். ஆந்திராவில் டயாலிசிஸ் நோயாளிகளின் பென்ஷன் 2019-ல் மாதம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதே, அது எப்படி முடிந்தது?

தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் வாரம் 3 தடவை சிகிச்சை கொடு! ஊசி மருந்துகளைத் தட்டுப்பாடின்றிக் கொடு! பஸ் கட்டணமும், சிகிச்சை நாளுக்குக் கூலியும், முட்டையும் பருப்பும் கொடு! இந்தக் கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கையிலெடுக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரால் ஊர்வலம் வர முடியாது. அவருக்காக நாம் வருவோம்!