இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை

"நீங்க கவிஞர். கொஞ்சம் உருக்கமா எழுதிக் குடுங்க சார்."

எங்கள் வங்கிக் கிளைக்கு வந்த நண்பர் கையில் ஒரு மனு. காட்டைக் காப்பாற்றச் சொல்லி அரசுக்கு அனுப்பும் மனு. நல்ல மனுதான். யானை இருந்தது, புலி இருந்தது, இருவாச்சி இருந்தது. மனுஷன் மட்டும் ஒரே ஒரு இடத்தில் இருந்தான், 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற சொல்லுக்குள்.

நான் எழுதித் தரவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஏன் என்று கேட்டார். கவுன்டரில் கூட்டம் நின்றதால் பேச முடியவில்லை. அந்தப் பதில்தான் இது.

முதலில் ஒன்று. மனு எதிர்க்கிற சட்டத்தை நானும் எதிர்க்கிறேன். பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று 1996ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் கொண்டுவந்த திருத்தம் அதைச் சுருக்கியது. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்காகப் போடும் சாலைக்கும் ரயில் பாதைக்கும் விலக்கு. அரசு நடத்தும் சஃபாரிக்கும் விலக்கு. 1980ஆம் ஆண்டு சட்டத்தின் பெயரையே 'வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்று மாற்றிவிட்டார்கள். காட்டில் இருப்பவன் வாயில் அது நுழையுமா? பழைய வரையறையையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி எத்தனை நாள் தூங்குவது? ஆகவே போராடத்தான் வேண்டும்.

ஆனால் யாரை முன்னிறுத்தி?

கிராமசபை சம்மதிக்காமல் காட்டை வேறு வேலைக்குத் தரக்கூடாது என்று 2009ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. 2022 ஜூனில் வந்த புதிய விதிகளில், மத்திய அரசு முதலில் இறுதி ஒப்புதல் கொடுத்துவிடலாம், ஜனங்களின் உரிமையை மாநில அரசு அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆக்கினார்கள். தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இதை எதிர்த்தது. நண்பரின் மனுவில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒடிசாவில் நியம்கிரி மலையை பாக்சைட் சுரங்கத்திடமிருந்து காப்பாற்றியது எது? 2013ல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராமசபைகளிடம் விட்டது. 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் 'முடியாது' என்றன. சுரங்கம் நின்றது. ஒரு மலையை நிறுத்திவைத்த அந்த அதிகாரத்தைக் கேட்காத மனு, காட்டைக் காக்கிற மனுவா?

எங்கள் கிளைக்கு ஒரு அக்கா வருவார். மலையடிவாரத்துச் சேரி. சீமாத்துப் புல்லும் கடுக்காயும் எடுத்து விற்றுப் பிழைப்பு. ஒருநாள் கடன் கேட்டார். வழக்கம்போல நானும் ஆதாரம் கேட்டேன். "எங்க பாட்டி காலத்துலருந்து இந்தக் காடுதான் சாரு. காட்டுக்கு ஏது ரசீது?" என்றார். நான் காகிதத்தில் பிழைப்பவன். எனக்குப் பதில் இல்லை.

2006 வன உரிமைச் சட்டத்திலும் அவருக்கு அதே கேள்விதான். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்தால் போதும். மற்றவர்கள், அதாவது காட்டை நம்பி வாழும் தலித்துகளும், அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 1930! அன்றைக்குச் சேரிக்காரன் கையில் என்ன காகிதம் இருந்திருக்கும்? பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, சுடுகாடு எல்லாமே ஆதாரம் என்று விதி சொல்கிறது. இன்ன காகிதம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்றும் 2012ல் திருத்தினார்கள். விதி புத்தகத்தில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "டாகுமெண்ட் இருக்கா?" என்கிறார். 1892ல் ஆணை போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலத்துக்குக் காகிதம் இருந்தது, நிலம் போனது. காட்டுக்குக் காகிதம் இல்லை, அதனால் காடும் போகிறது. காகிதம் இருந்தாலும் தோற்கிறோம், இல்லாவிட்டாலும் தோற்கிறோம் என்றால் விஷயம் காகிதத்தில் இல்லை தோழர்களே, சாதியில் இருக்கிறது.

காட்டை அழித்தது யார்? 1882 சென்னை வனச் சட்டம் காட்டை அரசுச் சொத்தாக்கியது. நீலகிரியின் புல்வெளிகளில் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டது சீமாறு விற்கிற அக்காவா? வனத்துறை. சந்தனக் கடத்தல் தேடுதல் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் புகுந்து 18 பெண்களைச் சிதைத்தது யார்? வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011ல் தண்டனை. 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி வர 31 வருஷம். காட்டின் காவலன் என்று இந்தத் துறையையா கைகாட்டுகிறது மனு?

2019 பிப்ரவரியில் என்ன நடந்தது? வனவிலங்கு ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில், கோரிக்கை தள்ளுபடியானவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. காட்டை நேசிக்கிறவர்கள் போட்ட வழக்கு அது. ஆள் இல்லாத காடு வேண்டும் என்பது ஒரு ஆசை. ஆள் இல்லாத காட்டுக்குள் சுரங்கக்காரன் நுழைவது சுலபம் என்பது அந்த ஆசைக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலை இல்லை.

நம் பக்கமும் குறை உண்டு. காடு ஆதிவாசிப் பிரச்சினை, நமக்கு வயல்தான் என்று ஒதுங்கியிருந்தோம். காட்டோரச் சேரிகள் நம் துண்டறிக்கையில் வரவே இல்லை. இதை மாணவத் தோழர்கள்தான் மாற்ற வேண்டும். விடுமுறையில் அந்தச் சேரிகளுக்குப் போங்கள். பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். அது கவிதையைவிட அவசரமான எழுத்து. கவிதை எழுதுகிறவனே சொல்கிறேன்.

நண்பரே, உங்கள் மனுவில் மூன்று வரி சேருங்கள். ஒன்று: கிராமசபையின் சம்மதம் இல்லாமல் ஒரு மரத்தையும் யாருக்கும் கொடுக்காதே. இரண்டு: 75 வருஷ நிபந்தனையை எடு. மூன்று: காட்டைக் காக்கும் உரிமையை அங்கே வாழ்கிறவர்களின் கிராமசபைக்கு எழுதிக் கொடு. அப்படியே 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

சேர்த்துவிட்டு வாருங்கள். எந்தக் கூட்டம் நின்றாலும் கவுன்டரை விட்டு எழுந்து வந்து போடுகிறேன் கையெழுத்து. அந்த அக்காவையும் கூட்டிவருகிறேன். அவர் பெயர் எனக்கு மேலே இருக்கட்டும்.