தறி நூலும் படிக்கும் நூலும்

நூல் என்றதும் எங்கள் அம்மையார்குப்பத்தில் முதலில் நினைவுக்கு வருவது தறியில் ஓடும் நூல்தான். படிக்கும் நூலுக்கும் அதே மதிப்பு வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

“பரீட்சைக்கு உதவாத புத்தகம் எதற்கு?” என்று பெரியோர் கேட்கின்றனர். கத்தோலிக்கராகிய நாம் இப்படிக் கேட்கலாமா? இந்திய எழுத்துகளுள் முதலில் அச்சேறியது தமிழ். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நம் ஞானோபதேச நூலன்றோ! இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடியதோடு, பரமார்த்த குருவின் கதையும் எழுதி நம்மைச் சிரிக்க வைத்தார். குருவானவரே கதை எழுதியிருக்க, கதை படிப்பது குற்றமாகுமா?

எங்களுக்கு மிகவும் பிடித்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் அது. அதில் ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு நாட்டையே ஆளுகிறாள். பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் கத்தோலிக்க முன்சீப் ஒருவர் இப்படி எழுதினார். அவர் பெயரை ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் மனப்பாடம் செய்வது முறையா?

ஆகவே அன்புப் பெற்றோரே, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பேசி நிற்கும்போது, நீங்கள் விரும்பிப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லுங்கள். படிக்க நேரமில்லாத தாய்மார் தார் சுற்றும்போது, அருகிலிருந்து நாங்கள் வாசிக்கிறோம்.

பத்தாம் வகுப்போடு எங்களுள் சிலரின் பள்ளிப் படிப்பு நின்றுவிடலாம். வாசிப்பும் அதோடு நின்றுவிட வேண்டுமா?