உழைப்பவன் நெஞ்சும் ஓடும் நேரமும்

சங்ககிரி லாரிப்பட்டறையிலும் குமாரபாளையம் தறிக்கூடத்திலும் நெஞ்சு வலித்தால் தொழிலாளி என்ன செய்கிறான்? “வாய்வுப் பிடிப்பு” என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறான். அறியாமை மட்டுமா? அரைநாள் கூலி போய்விடுமே என்ற அச்சம்!

இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்கு நிமிடம் தசை சாகிறது. அதைத் தடுக்க வழி தேடி, கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் தோழர்களும் 2012-இல் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு தொடங்கினர். தொலைவிலுள்ள நோயாளிக்குச் சிறிய மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுப்பது, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பது, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி அடைப்பை நீக்குவது. இதுவே ஏற்பாடு.

2017-இல் முடிவு வெளியாயிற்று. 2,420 நோயாளிகளைக் கணக்கிட்டதில், ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. நூற்றுக்கு மூன்று உயிர்! மூன்று வீட்டு அடுப்பு அணையாமல் நின்றது!

புதுமருந்து எதுவும் வரவில்லை. இருந்த மருத்துவமனைகளை இணைத்தார்கள், அவ்வளவே.

2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால், மாத்திரை இருக்குமிடத்துக்குத் தொழிலாளி போக வேண்டாமா? வலி வந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர் என்று முதலாளிகளைக் கேட்கிறோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர்கள் பட்டறை வாசலுக்கே வரவேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

சங்கத் தோழர்களே! கூடத்துக்குக் கூடம் சொல்லுங்கள்: நெஞ்சு வலித்தால் சோடா அல்ல, 108!