செயின் வண்டி வாங்கலாமா? முதல்ல ஆவர் மீட்டரைப் பாருங்க

நம்ம சேனல்ல டிராக்டர் கடன் பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, நெல் அறுக்குற செயின் வண்டி ஒண்ணு எடுத்து வாடகைக்கு விடலாம்னு இருக்கேன், தேறுமா?" கேக்குறவங்கள்ல நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்காரங்க நிறைய. வத்தலக்குண்டு, ஆத்தூர், ஆயக்குடி பக்கம். ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லைங்கிறதால எழுதுறேன். என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: இந்த மாவட்டத்து வயலை மட்டும் நம்பி, கடன் போட்டு, முதல் வண்டியாவே புது செயின் வண்டி எடுக்காதீங்க.

வண்டி மேல எனக்குக் குறை ஒண்ணும் இல்லை. மழை பெஞ்சு சேறான வயல்ல டயர் வண்டி இறங்கினா புதையும். செயின் வண்டி போகும். காரணம் எளிமையானது. மூணு டன் எடையுள்ள வண்டியோட ரெண்டு ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து ஒன்றரை சதுர மீட்டர் தரையில படுதுன்னு வைங்க. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்தான் அழுத்தம். நீங்களும் நானும் சேத்துல ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலை ஊன்றும்போது இதைவிட அதிகமா அழுத்துறோம். பனியில ஓடுற வண்டிக்கும் இதே சூத்திரம்தான். அண்டார்டிகாவுல 1989-லிருந்து இருக்கிற நம்ம மைத்ரி ஆய்வு நிலையத்துக்குச் சாமான் இழுக்குற பிஸ்டன்புல்லி வண்டிங்க ஓடுறதும் அகலமான பெல்ட்லதான். அங்கே பனி, இங்கே சேறு. ஒரு வித்தியாசம், அந்த வண்டிக்குத் தவணை கட்டுறது அரசாங்கம்!

என் பெரியப்பா மகன், அண்ணன், அய்யம்பாளையம் பக்கம். 2019-ல ஒண்ணு எடுத்தார். முதல் சீசன் அமோகம். அறுப்பு நேரத்துல மழை பிடிச்சுக்கிச்சு, டயர் வண்டிக்காரங்க எல்லாம் மேட்டுல நிக்க, இவருக்கு ராத்திரி பகலா போன். அந்த வருஷ தீபாவளிக்கு எங்க வீட்டுக்கே அவர்தான் பட்டாசு வாங்கிட்டு வந்தார். அடுத்த ரெண்டு வருஷத்துல அதே சுத்துவட்டாரத்துல இன்னும் மூணு செயின் வண்டி வந்துருச்சு. வாடகை இறங்கிச்சு. புரோக்கர் கமிஷன் ஏறிச்சு. அதுக்கு நடுவுல ஒரு ராத்திரி, லாரியில ஏத்தும்போது ஒரு பக்கப் பெல்ட் பலகையை விட்டு வழுக்கி வண்டி சாஞ்சிருச்சு. யாருக்கும் அடி இல்லை, அது பெரியவங்க புண்ணியம். ஆனா ஏத்தி இறக்கும்போது நடக்குற சேதம் அவர் எடுத்த பாலிசியில சேராதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. 2022-ல வண்டியை வித்தும் கடன் அடையலை. பாக்கிக்கு அரை ஏக்கர் தென்னந்தோப்பு போச்சு. பெரியப்பா இப்பவும் அந்த வழியா நடக்க மாட்டார்.

அண்ணன் சோம்பேறி இல்லை, ஊதாரியும் இல்லை. கணக்கை மணி நேரத்துல போடாம, "ஒரு நாளைக்கு இவ்வளவு வருது"ன்னு போட்டார். அங்கதான் சறுக்கல்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டை நீங்க போட்டுப் பாருங்க. வண்டி 28 லட்சம். கைக்காசு 7 லட்சம், கடன் 21 லட்சம், வட்டி 12%, அஞ்சு வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தவணை. ஒரு தவணை சுமார் 2.85 லட்சம், வருஷத்துக்கு 5.7 லட்சம். இன்சூரன்ஸ், லாரி வாடகை, சீசன் இல்லாத நாள்ல நிறுத்துற செலவு எல்லாம் சேர்த்து 1 லட்சம். உங்க 7 லட்சம் எஃப்டியில 7 சதவீதத்துக்குக் கிடந்திருந்தா வந்திருக்கக்கூடிய 49,000-ஐயும் சேர்க்கணும். அதை யாரும் சேர்க்கிறதில்லை. ஆக வருஷத்துக்கு 7.2 லட்சம் வந்தாத்தான் நீங்க சும்மா இருந்ததுக்குச் சமம்.

வரவு? மணிக்கு 2,500 வாடகைன்னு வைப்போம். டீசல் 750. டிரைவருக்கும் கூட வர்ற பையனுக்கும் 350. புரோக்கருக்கு 150. பெல்ட், பிளேடு, ஆயில், பேரிங் எல்லாத்துக்கும் 400. பெல்ட்டுக்குன்னு மணிக்கணக்குல எடுத்து வைக்கலேன்னா, மாத்துற அன்னிக்குக் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசல்ல நிக்கணும். மிச்சம் 850. அதால வகுத்தா வருஷத்துக்கு 847 மணி நேரம் ஓட்டணும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினா 106 நாள். இது வெறும் கைக்குக் கை கணக்கு, லாபம் அதுக்கு மேலதான்.

இப்ப வாடகை மட்டும் 300 ரூபாய் இறங்கட்டும். 2,500 எங்கே, 2,200 எங்கே, பெரிசா தெரியாது. ஆனா மிச்சம் 550 ஆயிடும். ஓட்ட வேண்டியது 1,309 மணி நேரம், 164 நாள். வாடகை 12% குறைஞ்சதுக்கு உழைப்பு பாதிக்கு மேல கூடுது. அண்ணனை விழுத்தினது இந்த 300 ரூபாய்தான், பலகை இல்லை.

நம்ம மாவட்டத்துல நெல் எங்கெல்லாம் இருக்கு? மருதாநதி, ஆத்தூர் காமராஜர் அணை, பழனி பக்கம் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, இப்படி அணைத் தண்ணி பாயுற இடங்கள்ல. மத்தபடி மக்காச்சோளம், காய்கறி, நிலக்கோட்டை மல்லிகை, தென்னை. பூவையும் தக்காளியையும் செயின் வண்டியில அறுக்க முடியாது. 106 நாள் வேணும்னா வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு தஞ்சாவூர், திருவாரூர்னு டெல்டாவுக்குப் போகணும். அங்கே சேலம் ஆத்தூர்க்காரங்க (நம்ம ஆத்தூர் இல்லை) பல வருஷமா தொழில் பண்றாங்க. ஆளும் பழக்கமும் அவங்ககிட்ட இருக்கு. வாடகையைக் கலெக்டர் கூட்டம் போட்டு நிர்ணயிக்கிறதும் உண்டு, மழை வந்துச்சுன்னு இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது. ஏத்தக் கூடாதுங்கிறதுதான் என் கட்சியும், அறுக்கக் கொடுக்குறவரும் கடன்காரர்தானே.

மானியம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு, குறு, பெண், எஸ்சி, எஸ்டி விவசாயிகளுக்கு 50% வரை, மத்தவங்களுக்கு 40% வரை, உச்சவரம்போட. 2025 செப்டம்பர் 22-லிருந்து அறுவடை இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டியும் 12%-லிருந்து 5% ஆயிருக்கு. ரெண்டும் நல்லதுதான், ஆனா பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே விலைதான். வண்டி மலிவானா வண்டிங்க கூடும், வாடகை இறங்கும். மேல சொன்ன 300 ரூபாயை மறுபடி பாருங்க. இன்னொண்ணு, சொந்த வயல் நெல்லுக்கு வருமான வரி இல்லை. அடுத்தவர் வயல்ல ஓட்டி வாங்குற வாடகை தொழில் வருமானம், அதுக்கு வரி உண்டு. "விவசாயிக்கு வரி இல்லை"ன்னு ஷோரூம்ல சொன்னா சிரிச்சுட்டு வாங்க.

அப்ப யார் எடுக்கலாம்? ரெண்டு சீசனாவது டிரைவராவோ பங்காளியாவோ டெல்டா போய் வந்தவங்க. வரப்பு ஏறும்போது நேரா ஏறணும், சாஞ்ச இடத்துல திருப்பக் கூடாது, தார் ரோட்டுல சுத்தினா பெல்ட் தேயும், இதெல்லாம் கையில ஊறணும். அந்த அனுபவத்தோட மூணு பேர் சேர்ந்து, ஆவர் மீட்டர் குறைவா ஓடின பழைய வண்டி பார்க்கலாம். அண்டர்கேரேஜை மெக்கானிக் வச்சுக் கழட்டிப் பாருங்க, பெயின்ட்டைப் பாக்காதீங்க. சொந்த அஞ்சு ஏக்கரை அறுக்கத்தான் வேணும்னா வேளாண் பொறியியல் துறை வண்டி வாடகைக்கு விடுது, இ-வாடகையில பதிவு பண்ணலாம். சீசன்ல கியூ இருக்கும், முன்கூட்டியே போடுங்க.

கடன் பேப்பர்ல கையெழுத்து போடும்போது வண்டி மட்டும்தான் அடமானமா, நிலப் பத்திரமும் சேருதான்னு ஒவ்வொரு பக்கமா வாசிங்க. ஏத்தி இறக்கும்போது நடக்குற சேதம் பாலிசியில இருக்கான்னு எழுத்துல கேளுங்க.

ஏற்கெனவே செயின் வண்டி வச்சு ஓட்டுறவங்க, போன வருஷம் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எந்தெந்த ஊர்லன்னு கமெண்ட்ல போடுங்க. என் கணக்கு தப்புன்னா அடுத்த வீடியோவுல திருத்திச் சொல்றேன். அண்ணனும் அந்த வீடியோவுல வர ஒத்துக்கிட்டிருக்கார், பெரியப்பாவுக்குத் தெரியாம.