ஏசி கேஸ் விதிகள்: செலவு யார் தலையில்?

ஏசி பற்றிப் பேசினாலே, "அது வசதியானவங்க பிரச்சினை தோழர்" என்கிறார்கள். 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தின் கணக்குப்படி, சுமார் 8 சதவீத வீடுகளில்தான் ஏசி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் இன்று யார் வாங்குகிறார்கள்? மொட்டை மாடிக்குக் கீழே ஒற்றை அறையில் வெந்துகிடக்கும் குடும்பங்களும் தவணையில் வாங்குகின்றன. அதற்கும் வழியில்லாதவர்கள், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய பெட்டியை வாங்கி மாட்டுகிறார்கள்.

அந்தப் பழைய பெட்டிக்குள் ஆர்-22 இருக்க வாய்ப்பு அதிகம். ஓசோனை அரிக்கும் வாயு அது. 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, 2025 ஜனவரி முதல் இந்தியாவில் இந்த வகை வாயுவை வைத்துப் புதுக் கருவிகள் தயாரிப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றதால், இந்த வகையும் 2032 தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும்.

விதி சரியானதே. இருக்கிற ஏசியைத் தூக்கிப்போடு என்று அது சொல்லவில்லை. பழுதுபார்க்க ஆர்-22 இன்னும் கிடைக்கிறது. ஆனால் வரத்து சுருங்கச் சுருங்க விலை ஏறும், அது பழைய பெட்டிக்காரர் தலையில்தான் விழும். "இந்த கேஸ் இனிமே வராது, புதுசு வாங்கிடுங்க" என்று பயமுறுத்துவது ஒரு வியாபாரம். மலிவாக வேறு கேஸை அடைத்துவிடுவது இன்னொன்று. ஆர்-32இன் அழுத்தம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எரியும் ஹைட்ரோகார்பனை அதில் ஏற்றினால் தீ விபத்துக்கே வழி. இன்னொன்று: ஏசியில் கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் வருடாவருடம் கேஸுக்குப் பணம் வாங்குவது ஏமாற்று.

இதற்காக மெக்கானிக் பையனைத் திட்டிப் பயனில்லை. மூன்றாம் மாடி சன்ஷேடில் கயிறுகூட இல்லாமல் நிற்பவன் அவன். 2022-23க்குள் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது அதே செயல்திட்டம். எங்கள் பகுதியில் நான் பேசிய பையன்கள் யாரிடமும் அந்தச் சான்றிதழ் இல்லை. அண்ணன்மார் கூடவே போய்த் தொழில் கற்றவர்கள். பழைய கேஸைப் பிடித்துவைக்கும் இயந்திரம் கையில் இல்லாததால் காற்றில் திறந்துவிடுகிறார்கள். லேசாகத் தீப்பற்றும் ஆர்-32ஐ வெறும் அனுபவத்தில் கையாளுகிறார்கள். அந்த இயந்திரத்தையும் பயிற்சி நாட்களின் கூலியையும் ஏசி விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்கள் தர வேண்டும். பழைய பெட்டியை மாற்றுவோருக்கு அரசு மானியம் தர வேண்டும், அதுவும் வருமானம் பார்த்து.

மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யலாம். உங்கள் தெருவில் அவுட்டோர் யூனிட் லேபிளில் என்ன வாயு என்று பார்த்துக் குறியுங்கள். போன முறை கேஸ் போட்டபோது கசிவு பார்த்தார்களா, தராசில் எடை போட்டார்களா, எவ்வளவு வாங்கினார்கள் என்று வீட்டாரிடம் கேளுங்கள். மெக்கானிக்கிடம் அவருடைய நாள் கூலியையும் கேளுங்கள்.